பாஸ்டரின் பந்தய ஆடுகள்

பாரிஸ் மருத்துவ அகாதெமி என்பது நரைத்த தாடிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து, மதிப்புக்குரிய நண்பரே என்று விளித்துக்கொண்டே ஒருவர் கழுத்தை ஒருவர் அறுக்கும் இடம். 1880 அக்டோபரில் அங்கே அம்மை குத்துவதைப் பற்றி ஒரு விவாதம். லூயி பாஸ்டர் எழுந்தார். ஜூல் கெரான் என்ற மூத்த அறுவை மருத்துவரின் வாதத்தை நார் நாராகக் கிழித்தார். கிழித்த வேகத்தில் வாதித்தவரையும் சேர்த்துக் கிழித்துவிட்டார். கெரானுக்கு அப்போது வயது 79. கிழவர் இருக்கையிலிருந்து எழும்பி பாஸ்டர் மேல் பாய்ந்தார். நெப்போலியனின் ராணுவ மருத்துவருக்குப் பிள்ளையான பாரன் லாரே நடுவில் புகுந்து மறித்திருக்காவிட்டால், அன்றைக்கே கிருமி இயல் தன் தலைமகனை இழந்திருக்கும். அதோடு விட்டாரா கெரான்? மறுநாள் இரண்டு பெரிய மனிதர்களைத் தூது அனுப்பினார். மானம் போய்விட்டது, ஆயுதம் எடுத்துக்கொண்டு நேரில் வரவும்.

பாஸ்டருக்கு 57 வயது. 12 வருடத்துக்கு முன் வந்த பக்கவாதத்தின் உபயத்தில் இடது கையும் இடது காலும் பாதி வேலைநிறுத்தத்தில் இருந்தன. இரண்டு தரப்புக்குமே வாளைவிட ஊன்றுகோல் முக்கியமாக இருந்த சண்டை இது. நல்லவேளையாக, எல்லை மீறிப் பேசியிருந்தால் திருத்திக்கொள்வதாகப் பாஸ்டர் எழுதிக் கொடுத்ததில் விவகாரம் காகிதத்தோடு முடிந்தது.

நம் பாடப் புத்தகத்தில் வரும் பாஸ்டர், கண்ணாடிக் குடுவை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பரப்பிரம்மத்தைக் கண்டவராக நிற்பார். அந்தக் குடுவைக்குள் தொங்குவது வெறிநோயில் செத்த முயலின் தண்டுவடம் என்பதை எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. முகத்தில் தெரியும் அந்தச் சாந்தத்தையும் நம்ப வேண்டாம். நோய்க்கு வழி கண்டுபிடிப்பதில் உள்ள சந்தோஷத்தில் சரிபாதி, கண்டுபிடிக்காதவனை நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்பதில் இருக்கிறது என்று நம்பிய மனிதர் அவர்.

இத்தனைக்கும் அவர் டாக்டர் இல்லை. மாட்டு டாக்டரும் இல்லை. தோல் பதனிடுகிறவரின் மகன், படித்தது வேதியியல். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் மரியாதைக்காக ஒரு மருத்துவப் பட்டம் கொடுத்து வைத்திருந்தது. 1871-இல் பிரஷ்யாக்காரர்கள் பாரிஸ் மேல் குண்டு போட்டபோது, ஆத்திரத்தில் அதையும் திருப்பி அனுப்பிவிட்டார். ஆக, பிரெஞ்சு தேசத்து மருத்துவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கக் கிளம்பிய நேரத்தில் அவர் கையில் மருத்துவம் என்று எழுதிய துண்டுச்சீட்டுகூட இல்லை.

அந்தக் காலத்தில் பிரெஞ்சு ஆட்டுக்காரர்களின் எமனுக்கு அடைப்பான் என்று பெயர். காலையில் மேயப் போன ஆடு மந்தையில் பின்தங்கும், தள்ளாடும், மூச்சு வாங்கும், சில மணி நேரத்தில் விழுந்துவிடும். வயிறு உப்பும். மூக்கிலிருந்து கறுத்த ரத்தம் வரும். சார்த்ர் நகரைச் சுற்றிய சமவெளியில் சில நிலங்களுக்குச் சாபம் பிடித்த வயல் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அங்கே மேயவிட்டால் மந்தை காலி. காரணம் சாபமில்லை, ஒரு கம்பு வடிவக் கிருமிதான், மண்ணுக்குள் வருடக்கணக்கில் விதையாக உறங்கிக் கிடக்கும் என்று 1876-இல் ஒருவர் காட்டினார். அவர் ராபர்ட் கோச். வயது 32. ஒரு சிற்றூரில் அரசாங்க மருத்துவர். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஜெர்மன்காரர்! பாஸ்டருக்கு ஆடு செத்த துக்கத்தைவிட இது பெரிய துக்கமாக இருந்தது. வேகமாகக் களத்தில் இறங்கினார். செத்த ஆட்டைப் புதைத்த குழிக்குள்ளிருந்து அந்த விதைகளை மண்புழு மேலே கொண்டுவந்து போடுகிறது, அதைத் தின்றுதான் அடுத்த மந்தை சாகிறது என்று சொன்னார். மண்புழு உழவனின் நண்பன் என்று படித்த நமக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி.

விலங்குகளை மேடையேற்றும் வித்தையைப் பாஸ்டர் முதலில் பழகியது கோழிகளிடம். அல்ஃபோர் கால்நடைக் கல்லூரியில் காப்ரியேல் கொலான் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். பாஸ்டர் கிழக்கு என்றால் மேற்கு என்பதே அவருடைய ஆராய்ச்சித் துறை. கோழிக்கு அடைப்பான் வராது என்று பாஸ்டர் சொன்னார். வரும் என்றார் கொலான். அப்படியானால் அடைப்பானில் செத்த கோழி ஒன்றைக் கொண்டுவந்து காட்டும் என்றார் இவர். கொலான் ஒப்புக்கொண்டார். வாரங்கள் ஓடின; கோழி வரவில்லை. கேட்டதற்கு, வைத்திருந்த கோழிகளை ஒரு பேராசை பிடித்த நாய் தின்றுவிட்டது என்று விளக்கம் வந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஜெயித்துவிட்டோம் என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். பாஸ்டர் உட்கார்ந்து யோசித்தார். கோழியின் உடம்புச் சூடு கிட்டத்தட்ட 42 டிகிரி. அந்தச் சூட்டில்தான் கிருமி திணறுகிறதோ? கிருமியைக் குத்தி, கோழியைக் குளிர்ந்த தண்ணீரில் நிற்க வைத்தார். கோழி செத்தது. 1878 மார்ச்சில் ஒரு கூண்டைத் தூக்கிக்கொண்டு அகாதெமிக்குள் நுழைந்தார். உள்ளே மூன்று கோழிகள். கிருமி குத்தியும் நனைக்காத கோழி உயிரோடு. நனைத்தும் கிருமி குத்தாத கோழி உயிரோடு. இரண்டும் செய்த கோழி பிணமாக. எதிராளி நிரூபிக்கத் தவறியதைத் தானே நிரூபித்து, தான் முதலில் சொன்னது தப்பு என்பதையும் காட்டி, அந்த வெற்றியைத் தன் கணக்கிலேயே வரவு வைத்துக்கொண்டு போன மனிதரை என்ன செய்ய முடியும்? பேராசிரியர் கொலான் இதை மறக்கவில்லை. அவர் திரும்பவும் வருவார்.

இந்த இடத்தில் கதையின் பாவப்பட்ட மனிதரை அறிமுகப்படுத்திவிட வேண்டும். ஆன்றி தூசான். துலூஸ் கால்நடைக் கல்லூரிப் பேராசிரியர், முப்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது, சாது. கோழிக் காலராவின் கிருமியைப் பாஸ்டருக்கு அனுப்பி வைத்தவர் இவர்தான். அதை வளர்த்துப் பழசாக்கி, வலுக் குறைத்து, கோழிக்குக் குத்தினால் கோழி சாகாமல் காப்பும் பெறுகிறது என்று 1880 தொடக்கத்தில் பாஸ்டர் அறிவித்தார். ஆய்வகத்தில் கிருமியை வலுக் குறைத்துத் தடுப்பூசி செய்யலாம் என்று உலகுக்குத் தெரிந்தது அப்போதுதான். விடுமுறைக்குப் போய்த் திரும்பி வந்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது என்று ஒரு இனிய கதை சொல்வார்கள். ஆய்வகக் குறிப்பேடுகளைப் பார்த்தால், உதவியாளர் எமில் ரூ மாதக்கணக்கில் முதுகொடிய வேலை பார்த்தது தெரிகிறது. முதுகொடிந்த கதையை யார் கேட்பார்கள், விடுமுறைக் கதைதான் நிலைத்தது. அந்தக் கிருமியின் குடும்பத்துக்கு இன்றைக்குப் பெயர் பாஸ்டுரெல்லா. மழைக்காலத்துக்கு முன்னால் நம் ஊர் மாட்டுக்கும் எருமைக்கும் தொண்டை அடைப்பானுக்கு ஊசி போடுகிறார்களே, அது இந்தக் குடும்பத்துக்கு எதிராகத்தான். அனுப்பியவர் தூசான், பெயர் பாஸ்டருக்கு. ஒரு விதத்தில் அவர் வாழ்க்கை முழுக்கவே அப்படித்தான் போனது.

1880 ஜூலையில் தூசான் ஒரு வெடியைக் கொளுத்தினார். அடைப்பான் ரத்தத்தை 55 டிகிரியில் 10 நிமிடம் சூடுபடுத்தி ஆட்டுக்குக் குத்தினேன், பிறகு கார்பாலிக் அமிலம் சேர்த்தும் செய்தேன், ஆடு காப்பாற்றப்படுகிறது. பாஸ்டர் அப்போது சொந்த ஊரான ஆர்புவாவில் ஓய்வில் இருந்தார். செய்தி கேட்டு ஓய்வு போயிற்று. தடுப்பூசி வேலை செய்ய வேண்டுமானால் கிருமி உயிரோடு இருந்தாக வேண்டும், அது உடம்புக்குள் ஏதோ ஒரு சத்தைத் தின்று தீர்க்கிறது, அதனால்தான் அடுத்த முறை வரும் கிருமிக்குச் சாப்பாடு கிடைப்பதில்லை என்பது அவருடைய சித்தாந்தம். ரசாயனம் ஊற்றிய கிருமியெல்லாம் வேலை செய்யக் கூடாது. செய்தால் அது கிருமியின் தப்பு.

தூசானுக்கு எதிரிகள் கிடையாது. பூலே என்ற செல்வாக்கான ஆதரவாளர் ஒருவர் இருந்தார். அவர்தான் கண்டுபிடிப்பை அகாதெமிக்குக் கொண்டுபோனார். அவரே பாஸ்டருக்கும் நண்பர். பிறகு அந்தப் பக்கமே போய் நின்றார். ஆகஸ்டில் அல்ஃபோரில் 20 ஆடுகளுக்குத் தூசானின் ஊசி போட்டுப் பார்த்தார்கள். 4 ஆடுகள் ஊசியிலேயே செத்தன. மீதி 16 ஆடுகள் நோயைத் தாங்கின. முதல் முயற்சிக்கு இது மோசமான கணக்கில்லை. ஆனால் தூசான் தொண்டையைச் செருமி, சரி, நீங்களே விதிமுறை போடுங்கள், 50 ஆடு கொண்டுவாருங்கள் என்று ஊரைக் கூட்டிச் சவால் விடுகிற ஆள் இல்லை. அவரைப் பார்த்து அப்படிச் சவால் விடுகிற அளவுக்கு யாருக்கும் அவர் மேல் கடுப்பும் இல்லை.

பாஸ்டருக்கு அந்தப் பாக்கியம் இருந்தது. ரொசிஞோல் என்று ஒரு கால்நடை மருத்துவர். மெலூன் நகரத்துக்காரர். பூயி-லெ-ஃபோர் என்ற கிராமத்தில் பண்ணை வைத்திருந்தவர். 1881 ஜனவரியில் கால்நடை மருத்துவப் பத்திரிகை ஒன்றில் நக்கலாக ஒரு கட்டுரை எழுதினார். கிருமி இப்போது புது மதமாகிவிட்டது. எங்கே பார்த்தாலும் கிருமி. அதற்கு ஒரே தீர்க்கதரிசி பாஸ்டர். கேள்வி கேட்டால் பாவம் என்ற பாணியில் போகும் அது. பிப்ரவரி கடைசியில் பாஸ்டர், அடைப்பான் கிருமியை 42, 43 டிகிரி சூட்டில் காற்றுப் படும்படி வளர்த்தால் விதை உண்டாகாமல் வலுவிழக்கிறது, அதுதான் என் தடுப்பூசி என்று அறிவித்தார். ரொசிஞோல் உடனே ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் சந்தா வசூலிக்க ஆரம்பித்தார். எதற்கு? பாஸ்டருக்கு ஆடு வாங்கிக் கொடுக்க. வந்து எங்கள் கண் முன்னால் குத்திக் காட்டட்டும். ஜெயித்தால் விவசாயிக்கு லாபம். தோற்றால் பார்ப்பவர்களுக்கு லாபம்.

மெலூன் விவசாயச் சங்கத் தலைவர் பாரன் தெ லா ரொஷெத் நேரில் போய்ப் பாஸ்டரை அழைத்தார். மூளை உள்ள எந்த மனிதனும் ஆறு மாதம் தவணை கேட்டிருப்பான். பாஸ்டர் அங்கேயே ஒப்புக்கொண்டார். ஏப்ரல் 28-ஆம் தேதி ஒப்பந்தம் எழுதினார்கள். 60 ஆடுகள். 25 ஆட்டுக்கு இரண்டு தவணை தடுப்பூசி. 25 ஆட்டுக்கு ஒன்றுமில்லை. பிறகு இந்த 50-க்கும் வீரியமான கிருமி. மீதி 10 ஆட்டைத் தொடவே கூடாது, பிழைத்தவை பிற்பாடு நன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க. தடுப்பூசி போட்ட 25-ம் பிழைக்கும், போடாத 25-ம் சாகும் என்று பாஸ்டரே எழுதிக் கொடுத்துவிட்டார். பெரும்பாலும், ஏறத்தாழ, பொதுவாக என்று தப்பிக்க ஒரு வார்த்தை இல்லை. விஞ்ஞானி இப்படி எழுத மாட்டான், ஜோசியன்கூட எழுத மாட்டான்.

பிற்பாடு மாடும் வேண்டும் என்று சங்கத்தார் கேட்டதில் 10 மாடுகள் சேர்ந்தன. அவற்றில் 6-க்கு ஊசி, 4-க்கு இல்லை. மாட்டில் போதுமான அளவு சோதித்துப் பார்க்கவில்லை, செத்துத்தான் தீரும் என்று உத்தரவாதம் தர முடியாது என்று இந்த ஒரு இடத்தில் மட்டும் பாஸ்டர் அடக்கிப் பேசினார். ஆடுகளில் இரண்டைக் கழித்து இரண்டு வெள்ளாட்டைச் சேர்த்தார்கள். நான் இந்தச் சங்கத்தாரின் ரசிகன். ஒரு பெரிய மனிதர் அகப்பட்டுக்கொண்டார் என்றால் எல்லா வகைக் கால்நடையையும் கொண்டுவந்து கட்டிவிட வேண்டியதுதானே.

ஆய்வகத்தில் ரூவும், ஷார்ல் ஷாம்பர்லானும் தலையில் கை வைத்தார்கள். கையிலிருந்த அனுபவம் 14 ஆடுகள். 14-இல் ஜெயித்தது மெலூனில் 50-இலும் ஜெயிக்கும் என்றார் பாஸ்டர். கூட்டல் கழித்தலில் அவ்வளவு நம்பிக்கை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. உலகத்துக்கு அறிவித்த அந்தக் காற்றுப் பட்ட தடுப்பூசி நிச்சயமாக நம்பும்படி இல்லை. ஷாம்பர்லான் தன் பாட்டுக்கு இன்னொன்றைத் தயார் செய்து வைத்திருந்தார். அதில் கிருமியை வலுக் குறைப்பது பொட்டாசியம் டைகுரோமேட். ரசாயனம்! தூசான் கார்பாலிக் அமிலம் ஊற்றினார், இவர் டைகுரோமேட் ஊற்றினார், வித்தியாசம் பாட்டிலின் மேல் ஒட்டிய சீட்டில். அதைத்தான் பூயி-லெ-ஃபோருக்கு எடுத்துப் போனார்கள். அதைப் பற்றி வெளியே யாரும் மூச்சு விடவில்லை.

மே 5-ஆம் தேதி பண்ணையில் திருவிழாக் கூட்டம். விவசாயிகள், டாக்டர்கள், மருந்துக் கடைக்காரர்கள், மாவட்டப் பெரிய மனிதர்கள், எல்லோருக்கும் மேலாக மாட்டு டாக்டர்கள். பாஸ்டர், ரூ, ஷாம்பர்லான், லூயி துய்லியே நால்வரும் பாரிஸிலிருந்து வந்து இறங்கினார்கள். தலைக்கு ஐந்து சொட்டு வீதம் ஊசி. போட்ட ஆடுகளுக்குக் காதில் ஓட்டை போட்டு அடையாளம். மே 17-ஆம் தேதி இரண்டாவது ஊசி, கொஞ்சம் வீரியம் கூடியது. எதுவும் சாகவில்லை. பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும்.

மே 31-ஆம் தேதிதான் நிஜக் கச்சேரி. பாஸ்டர் 1877 மார்ச்சிலிருந்து ஆய்வகத்தில் பத்திரப்படுத்திய அடைப்பான் விதைகளிலிருந்து வளர்த்த கிருமி வந்திருந்தது. இங்கே மறுபடியும் பேராசிரியர் கொலான் வருகிறார், ஆள் வராமல். பியோ என்ற தன் சக மருத்துவரிடம் காதைக் கடித்து அனுப்பியிருந்தார்: அந்த ஆளை நம்பாதே, கிருமி திரவத்தின் அடியில் தங்கிவிடும், மேலே இருப்பது வெறும் தண்ணீர், தடுப்பூசி போட்ட ஆட்டுக்கு மேல் தண்ணீரைக் குத்திவிட்டு மற்றதற்கு அடிமண்டியைக் குத்துவார்கள், குழாயை நன்றாகக் குலுக்கச் சொல். பியோ சொல்லவில்லை, கையிலிருந்து பிடுங்கி அவரே குலுக்கினார். நன்றாக, மனம் நிறையக் குலுக்கினார். இன்னொரு கால்நடை மருத்துவர், வழக்கமான அளவு போதாது, மூன்று மடங்கு போடுங்கள் என்றார். மற்றொருவர், தடுப்பூசி போட்டதற்கு ஒன்று, போடாததற்கு ஒன்று என்று மாற்றி மாற்றிக் குத்த வேண்டும் என்றார். பாஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அந்தக் காலத்து அறிவியல் சோதனைகளில் பாதிக்கு ஒப்பீட்டுக் குழுவே கிடையாது. ஒரு நோயாளிக்குக் கொடுத்தேன், பிழைத்தான், ஆகவே மருந்து என்று கட்டுரை எழுதிவிடுவார்கள். இங்கேயோ சரிசமமான இரண்டு குழு, தொடாத மூன்றாவது குழு, ஒரே குழாயிலிருந்து ஒரே கிருமி, மாற்றி மாற்றி ஊசி, முன்கூட்டியே எழுதி வைத்த கணிப்பு, இருநூறு சாட்சிகள். இன்றைய நிபுணர் குழு கேட்கிற அத்தனையும் கிட்டத்தட்ட இருக்கின்றன. இதில் பெரும்பாலானவற்றை ஏற்பாடு செய்து கொடுத்தவர்கள் பாஸ்டரைக் கவிழ்க்க வந்தவர்கள். பாஸ்டரின் நண்பர்களை நம்பி விட்டிருந்தால், 25 ஆட்டுக்குப் பூமாலை போட்டு, வாழ்த்துரை வழங்கி முடித்திருப்பார்கள். தூசானுக்கு இப்படிப்பட்ட நாலு விரோதிகள் கிடைத்திருந்தால் அவர் பெயர் இன்று கல்லூரி வாசலில் இருந்திருக்கும்.

ஜூன் 1-ஆம் தேதி இரவு பாஸ்டர் வீட்டில் நடந்ததை அவருடைய பக்தர்கள் மெதுவான குரலில்தான் சொல்வார்கள். தடுப்பூசி போட்ட ஆடுகளில் சிலவற்றுக்குக் காய்ச்சல், ஒரு பெண் ஆடு படுத்துவிட்டது என்று தகவல் வந்தது. தீர்க்கதரிசி ஆடிப்போனார். உடனே குற்றவாளியையும் கண்டுபிடித்தார்: ரூ. நீதான் கவனக்குறைவாக எதையோ செய்து கெடுத்துவிட்டாய், நாளைக்கு நான் வர மாட்டேன், ஊர் சிரிக்கும்போது நீயே போய் நில் என்று குதித்தார். ஒரு மாதமாக நான், என் தடுப்பூசி, என் கணிப்பு என்று இருந்தது அந்த ஒரு ராத்திரி மட்டும் ரூவின் தடுப்பூசி ஆயிற்று. மேடம் பாஸ்டர் நடுவில் வந்து, விடிகாலையில் கிளம்ப வேண்டும், தூங்குங்கள் என்று அனுப்பி வைத்தார். அறிவியலுக்கு மேடம் பாஸ்டர் செய்த சேவைகளில் இது முதன்மையானது என்பது என் கட்சி.

காலையில் தந்தி வந்தது. அனுப்பியவர் ரொசிஞோல். அபாரமான வெற்றி! கிருமி மதத்தைக் கிண்டல் செய்தவர் கையாலேயே அந்தத் தந்தி. தடுப்பூசி மறுபடியும் பாஸ்டருடையதாயிற்று.

ஜூன் 2, மதியம் இரண்டு மணி. பாஸ்டர் பண்ணைக்குள் நுழைந்தபோது தடுப்பூசி போடாத ஆடுகளில் 21-ம், ஒரு வெள்ளாடும் வரிசையாகக் கிடந்தன. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு சாய்ந்தன. கடைசி ஆடு பொழுது சாய்வதற்குள் கணக்கை முடித்துக் கொடுத்தது. ஊசி போடாத நான்கு மாடுகளும் சாகவில்லை, ஆனால் பெரிய பெரிய வீக்கத்தோடு காய்ச்சலில் நின்றன. அந்தப் பக்கம், ஊசி போட்ட 24 ஆடும் ஒரு வெள்ளாடும் 6 மாடும் எதுவும் நடக்காததுபோல் நின்றன. நேற்று ராத்திரி ரூவுக்கு வசவு வாங்கிக் கொடுத்த அந்தப் பெண் ஆடு மட்டும் நலமாக இல்லை. மறுநாள் அது செத்தது. அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் இருந்த குட்டி பல நாள் முன்பே இறந்திருந்தது தெரிந்தது. ஆகவே அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. உயிரோடு இருந்தபோது ஒரு மேதையைப் படுக்கையில் புரளவைத்த ஆடு அது. செத்த பிறகு அடிக்குறிப்பானது.

மாட்டு டாக்டர்கள் ஒரே நாளில் கட்சி மாறினார்கள். லண்டன் டைம்ஸ் பத்திரிகையின் பாரிஸ் நிருபர் ப்ளோவிட்ஸ் நேரில் வந்திருந்தார். செய்தி அடுத்த நாளே கடல் தாண்டியது. அரசாங்கம் பெரிய விருது கொடுக்க வந்தபோது, ரூவுக்கும் ஷாம்பர்லானுக்கும் அந்த விருதின் சிவப்பு நாடா கொடுத்தால்தான் வாங்குவேன் என்று பாஸ்டர் பிடிவாதம் பிடித்தார். பாராட்டத்தான் வேண்டும். ஷாம்பர்லானுக்கு நாடா கிடைத்தது. டைகுரோமேட்டுக்குக் கிடைக்கவில்லை. ஜூன் 13-ஆம் தேதி அறிவியல் அகாதெமியில் வெற்றிச் செய்தியை வாசித்தபோது எந்தத் தடுப்பூசி என்று பாஸ்டர் விளக்கவில்லை. பிப்ரவரியில் சொன்ன அதே காற்றுப் பட்ட ஊசிதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நினைத்தவர்களைத் திருத்தும் பழக்கம் உள்ள மனிதர், இந்த முறை திருத்தவில்லை. அத்தனை விரோதிகள் அத்தனை கேள்வி கேட்டும், குழாயைக் குலுக்கினார்களே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

தூசான் அதற்குள் நோய்வாய்ப்பட்டிருந்தார். நரம்பும் மூளையும் மெல்ல மெல்லக் கைவிட்டன. 1890-இல் இறந்தார், வயது 43. பாஸ்டர் பந்தயம் கட்டிய துணிச்சலை நான் மன்னித்துவிடுவேன். அந்த மனிதருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காததை மன்னிப்பதாக இல்லை.

பிறகு எல்லோருக்கும் ஊசி வேண்டுமாயிற்று. ஆரம்பத்தில் போன சரக்கில் சில அதிக வீரியமாகி ஆட்டையே கொன்றன, சில வீரியமே இல்லாமல் சும்மா போயின. பிறகு காற்றுப் பட்ட முறை ஒருவழியாகச் சரிப்பட்டு, அதுவே விற்பனைக்கு வந்தது. அதாவது, உலகம் எதை நம்பியதோ அது பிற்பாடு உண்மையாயிற்று. 12 வருடத்தில் பிரான்சில் 30 லட்சத்துக்கும் அதிகமான ஆடுகளுக்கு ஊசி போட்டார்கள். சாவு 100-க்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. அதற்கு முன்னால் சாபம் பிடித்த வயல்களில் மந்தையே போய்க்கொண்டிருந்தது என்பதை மறக்கக் கூடாது.

எல்லா விரோதியும் ரொசிஞோல் ஆகிவிட முடியாது என்று காட்டியவர்கள் இத்தாலியின் தூரின் நகரக் கால்நடைக் கல்லூரிக்காரர்கள். 1882 மார்ச்சில் அவர்களும் சோதனை செய்தார்கள். தடுப்பூசி போட்டதும் செத்தது, போடாததும் செத்தது. பாஸ்டர் பாரிஸில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொன்னார்: நீங்கள் கிருமிக்கு எடுத்த ரத்தம், செத்து ஒரு நாளுக்கு மேல் ஆன ஆட்டினுடையது, அதில் அழுகல் கிருமியும் சேர்ந்துவிட்டது, ஆடுகள் அடைப்பானில் சாகவில்லை. எங்கள் ஊர் ஆடு எதில் செத்தது என்று பாரிஸிலிருந்து எப்படித் தெரியும் என்று அவர்கள் கேட்டார்கள். நேரில் வந்து காட்டட்டுமா என்றார் இவர். கடிதமாகப் பறந்தது. கடைசியில் தூரின்காரர்கள் பாஸ்டரின் அறிவியல் பிடிவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூலே அச்சிட்டார்கள், ஆனால் வா என்று மட்டும் சொல்லவில்லை. அறிவியல்படி பாஸ்டர் சொன்னது சரி. கேட்ட கேள்வியும் சரிதான்.

குறிப்பேடுகளை யாருக்கும் காட்டக் கூடாது என்று பாஸ்டர் குடும்பத்தாரிடம் சொல்லிவைத்திருந்தார். 1895-இல் அவர் இறந்த பிறகு குடும்பம் கட்டுப்பாடாக இருந்தது. 1938-இல் முதல் ஓட்டை விழுந்தது. ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த, மேடம் பாஸ்டரின் சகோதரி மகன் அட்ரியன் லுவார், எழுபது தாண்டிய பிறகு எழுதிய நினைவுகளில், பூயி-லெ-ஃபோரில் போட்டது ஷாம்பர்லானின் டைகுரோமேட் ஊசி என்று போட்டுடைத்தார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1964-இல் பேரன் குறிப்பேடுகளை பாரிஸ் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தார். ஆராய்ச்சியாளர்கள் பார்க்கக் கிடைத்தது 1970-களில். அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜெரால்டு கைசன் அவற்றைப் பக்கம் பக்கமாகப் படித்து, 1995-இல், பாஸ்டர் செத்து சரியாக நூறாவது வருடத்தில், புத்தகமாகப் போட்டார். டைகுரோமேட் பாஸ்டரின் சொந்தக் கையெழுத்திலேயே இருந்தது. அதே வருடம் டிசம்பரில் நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் பெரூட்ஸ், மேதையைச் சிறுமைப்படுத்துகிறாயா என்று அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் கைசன் மேல் பாய்ந்தார். பெரூட்ஸுக்கு அப்போது வயது 81. கெரானைவிட இரண்டு வயது மூத்தவர். இந்த முறை நடுவில் விழுந்து மறிக்க எந்த பாரனும் இல்லை. இருவரும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டார்கள். 2001-இல் கைசனும் 2002-இல் பெரூட்ஸும் போய்ச் சேர்ந்தார்கள். குறிப்பேடுகள் சுமார் 100, இன்னும் பாரிஸ் நூலகத்தில்தான் இருக்கின்றன. அடுத்து சண்டை போட விருப்பமுள்ளவர்கள் நுழைவுச் சீட்டுக்கு எழுதிப் போடலாம்.